மெய்ப்பட்டை

தெலுங்கு டப்பிங் காலையிலேயே முடிந்துவிட்டது. ஒரே டேக். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த ஒலிப்பதிவாளர் எபினேசர் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினான், நானும் பெரிய மகாராணி மாதிரி தலையசைத்தேன். அதே காட்சி, அதே அழுகை, அதே நான். தமிழுக்கு வந்ததும் மஞ்சள், மஞ்சள், மறுபடியும் மஞ்சள்.

"மஞ்சள்தான் அக்கா," என்றான் எபி ஸ்பீக்கரில்.

"நான் அழுதேனே எபி. பாரு, கன்னமெல்லாம் ஈரம்."

"அழுதீங்க, பார்த்தேன். மெஷின் ஒத்துக்க மாட்டேங்குது."

கழுத்தில் மாட்டியிருந்த பட்டையைக் கழற்றி ஜன்னல் வழியாக வீசிவிடலாம் போலிருந்தது. சாலிகிராமத்தின் டப்பிங் தியேட்டர்களில் ஜன்னல் வைப்பதில்லை என்பதால் அது பிழைத்தது. என்னால் ஒரு இடத்தில் நிற்க முடியவில்லை. மைக்கிலிருந்து சுவர்வரை போனேன், திரும்பி வந்தேன், காலணியைக் கழற்றினேன், மறுபடி மாட்டினேன். பக்கத்து மைக்கில் நின்ற முகிலன் என்னைப் பார்த்துவிட்டு, "உட்காரேன் மோனி, தலை சுத்துது," என்றான். அவன் என் கணவன். இந்தப் படத்திலும் என் கணவன்.

பட்டையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். குரலை இயந்திரமே செய்ய ஆரம்பித்ததும் எங்கள் பிழைப்பில் மண் விழுந்தது. கார்ட்டூன் அணில், ஷாம்பு விளம்பரம், லிஃப்டில் 'கதவு மூடுகிறது' என்று சொல்லும் பெண், எல்லாம் போயிற்று. அப்புறம் ஜனங்களுக்கு எதைக் கேட்டாலும் சந்தேகம் வர ஆரம்பித்தது. இது மனுஷன் பேசியதா, மெஷின் பேசியதா என்று டீக்கடையில் சண்டை. திரைவிழாக்காரர்கள் சான்று கேட்டார்கள். பட்டை வந்தது. முதலில் வந்த பட்டை தொண்டை அசைகிறதா என்று மட்டும்தான் பார்த்தது. நம் ஆட்கள் சும்மா இருப்பார்களா? மெஷின் குரலை ஓடவிட்டு, சம்பளத்துக்கு ஆள் வைத்துக் கூடவே முணுமுணுக்க விட்டார்கள். உடனே கம்பெனிக்காரன் அடுத்த பட்டையைக் கொண்டுவந்தான். நாடித்துடிப்பு, வியர்வை, மூச்சு, அடிவயிறு இறுகுவது எல்லாவற்றையும் பார்க்கும். உணர்ந்து சொன்னால் பச்சை. நடித்தால் மஞ்சள். மெஷின் என்றால் சிவப்பு. அதற்கு மெய்ப்பட்டை என்று யாரோ தமிழ்ப் பற்றாளர் பெயர் வைக்க, பட்டை என்று சுருக்கிக்கொண்டோம்.

"நடிகையைப் பார்த்து நடிக்காதேன்னு சொல்ற கருமம்," என்றாள் ஃபர்ஹானா. அவள்தான் படத்தின் இயக்குநர். ஹெட்போனைக் கழற்றிவிட்டு உள்ளே வந்திருந்தாள். "சமையல்காரனைக் கூப்பிட்டு, நெருப்பு மூட்டாதேன்னு சொல்ற மாதிரி."

திட்டுகிறோமே தவிர, பட்டை வந்த பிறகுதான் எங்களுக்கு மறுபடியும் வேலை வந்தது. பச்சை முத்திரை இல்லாத படத்தை எந்த விழாவும் தொடுவதில்லை. அதனால் திட்டிக்கொண்டே மாட்டிக்கொள்வோம்.

ஃபர்ஹானாவின் படம் இரண்டு மொழியிலும் தனித்தனியாக எடுத்தது. ஓசூர்ப் பக்கத்துத் தெலுங்குப் பெண் ஒருத்தி, சென்னைக்காரனைக் கட்டிக்கொண்டு வருகிறாள், கடைசியில் அவன் அவளை விட்டுப் போகிறான். ரயில்வே பிளாட்பாரத்தில் எடுத்த அந்தக் கடைசிக் காட்சியில் ஒலி முழுக்க இரைச்சல். அதனால்தான் டப்பிங். நாளை சாயங்காலத்துக்குள் இரண்டு மொழியும் பச்சையில் போய்ச் சேராவிட்டால் வெளிநாட்டு விழாவில் இடம் போய்விடும். இத்தனை வருஷமாகக் கதாநாயகியின் தோழி, பக்கத்து வீட்டு அக்கா, யாரோ ஒருத்தியின் வாய்க்கு என் குரல் என்று ஓட்டிய எனக்கு இதுதான் முதல் நாயகி வேடம். என் முகமும் என் குரலும் ஒன்றாகச் சேர்ந்து வரும் முதல் படம். இது போனால் மறுபடி அணிலுக்குத்தான் பேச வேண்டும், அதுவும் கிடைத்தால்.

தமிழில் எனக்கு மிச்சம் இரண்டே வரி. "போகாதே. என்னை விட்டுட்டுப் போகாதே." அது ஒன்று. அவன் ரயிலேறியதும், கேமராவுக்கு முதுகு காட்டிக்கொண்டு அவள் சொல்வது இன்னொன்று. "போ. எனக்கு ஒண்ணும் ஆகாது." இரண்டும் மஞ்சள்.

"காலைல தெலுங்குல எப்படி வந்துச்சு?" என்று ஃபர்ஹானா எபியிடம் கேட்டாள். "அதே அழுகைதானே?"

எபி ஸ்பீக்கரில் கொஞ்சம் தயங்கினான். "மெஷினுக்கு மொழியே தெரியாது மேடம். தொண்டைக்குக் கீழ என்ன நடக்குதுன்னுதான் பார்க்குது. அக்கா தெலுங்கு பேசும்போது வயித்துல இருந்து நேரா வாய்க்கு வருது. தமிழ் பேசும்போது நடுவுல எங்கேயோ நின்னு, சரியா இருக்கான்னு பார்த்துட்டு வருது. கிராஃப்ல அப்படியே தெரியுது."

எனக்குச் சுருக்கென்றது. நிஜம்தான். நானும் ஓசூர்க்காரிதான், வீட்டில் தெலுங்கு, பள்ளிக்கூடத்தில் தமிழ். நான் வாயைத் திறந்தாலே வகுப்பு சிரிக்கும். அந்தச் சிரிப்புக்குப் பயந்து ஒவ்வொரு வார்த்தையையும் மனசுக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்துவிட்டுத்தான் வெளியே விடுவேன். அப்படியே பழகி, உச்சரிப்பு சுத்தமாக இருக்கிறது என்று டப்பிங்குக்கே கூப்பிட்டார்கள். என் சோறே அந்தத் தமிழில்தான் வந்தது. இப்போது ஒரு தோல்பட்டை வந்து, நீ தமிழில் பேசியதெல்லாம் நடிப்பு என்கிறது. எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது.

"அப்போ நான் கல்யாணத்துக்குச் சம்மதம்னு தமிழ்லதான் சொன்னேன். அதுவும் மஞ்சளா?" என்றேன்.

எல்லோரும் சிரித்தார்கள். முகிலனும் சிரித்தான். "திட்டுறது மட்டும் தெலுங்குல திட்டுவா. அதெல்லாம் சுத்தப் பச்சை," என்றான்.

சாப்பாட்டுக்கு விட்டார்கள். நான் சாப்பிடவில்லை. தியேட்டர் வாசலில் பைக்குகளுக்கு நடுவே நடந்துகொண்டிருந்தேன். ஃபர்ஹானா பிரியாணிப் பொட்டலத்தைக் கையில் வைத்துக்கொண்டு பின்னாலேயே வந்தாள்.

"மோனி, இன்னிக்கு எதைச் செலவு பண்றே?" என்று கேட்டாள்.

இது எங்கள் தொழிலில் புதுசாக வந்த பேச்சு. அழுகைக் காட்சி என்றால் சொந்தத் துக்கம் ஒன்றை நினைத்துக்கொள்ள வேண்டும். அதைத்தான் செலவு என்போம். சிக்கல் என்னவென்றால், ஒரே துக்கத்தைத் திரும்பத் திரும்ப எடுத்தால் அது சாயம் போகிறது, பட்டையும் கண்டுபிடித்துவிடுகிறது. எங்களோடு டப்பிங் பேசும் சுபத்ரா அவள் அப்பா இறந்ததை ஒரு செல்போன் விளையாட்டுக்குச் செலவு பண்ணினாள். அப்புறம் இரண்டு சீரியலுக்கு. வருஷத் திதிக்கு ஊருக்குப் போனபோது அவளுக்கு மட்டும் கண்ணில் பொட்டுத் தண்ணீர் வரவில்லையாம். அம்மா என்ன நினைத்திருப்பாளோ என்று என்னிடம் சொன்னாள். அதைச் சொல்லும்போது அழுதாள், அந்த நேரத்தில் கழுத்தில் பட்டை இல்லையே என்றும் வருத்தப்பட்டாள்.

"என்கிட்ட ஒண்ணும் மிச்சமில்லை," என்றேன். "எல்லாம் தீர்ந்துபோச்சு."

"முகிலனோட காலைல சண்டை போட்டியா?"

"போட்டேன். வேலைக்காகலை."

அது எங்கள் வீட்டு வழக்கம். யாருக்காவது கனமான காட்சி இருந்தால் காலையிலேயே சண்டையைக் கிளப்பிவிடுவோம். முதலில் நன்றாகத்தான் இருந்தது. அவன் என் குடும்பத்தைப் பற்றி ஏதாவது சொல்வான், நான் கொதித்துப் போய் தியேட்டருக்கு வருவேன், பச்சை. சாயங்காலம் இரண்டு பேரும் சேர்ந்து பரோட்டா சாப்பிடுவோம். போகப் போக இருவருக்கும் பழகிவிட்டது. நான் நிஜமாகவே கோபப்பட்டுத் தட்டைத் தள்ளினால்கூட, "எத்தனை மணிக்கு ரெக்கார்டிங்?" என்பான், நிதானமாக. போன மாதம் ஒரு நாள் அவன் பாத்திரம் கழுவிக்கொண்டே, "என்னால இப்படி இருக்க முடியலை மோனி," என்றான். "நல்லாருக்கு, இன்னும் கொஞ்சம் மெதுவா சொல்லு," என்றேன் நான். அவன் குழாயை மூடினான். அடுத்த நாள் அவனுக்கு ஒரு வெப் சீரிஸ் இருந்தது, அதற்காகத்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

"சண்டையே வேண்டாம்," என்றாள் ஃபர்ஹானா. "ஒரு தடவை, நடுவுல நிறுத்தாம பேசிப் பாரு. தப்பாப் பேசினாலும் பரவாயில்லை. உன் தமிழைக் கேட்டுச் சிரிக்க இங்க யாரும் இல்லை."

"சொல்றது சுலபம்."

"தெரியும்டீ. நான் வீட்டுல உருது, வெளியில தமிழ். எனக்கு மட்டும் தெரியாதா?" என்று பொட்டலத்தைப் பிரித்து ஒரு வாய் எனக்கு ஊட்டிவிட்டாள். முகிலன் படியில் உட்கார்ந்து எங்களையே பார்த்துக்கொண்டிருந்தான். சாப்பாடு பிரிக்கப்படாமல் அவன் பக்கத்தில் இருந்தது.

மறுபடி உள்ளே போனோம். சாதாரணமாக டப்பிங்கில் ஒவ்வொருவரையும் தனித்தனியாகத்தான் நிறுத்துவார்கள். ஃபர்ஹானா காலையிலிருந்தே பிடிவாதமாக இரண்டு பேரையும் ஒன்றாக நிறுத்தியிருந்தாள். எதிரில் ஆள் இருந்தால்தான் பட்டை மசியும் என்பது அவள் கட்சி. ஆளுக்கொரு மைக், ஆளுக்கொரு பட்டை. வண்ணமெல்லாம் வெளியே எபியின் திரையில்தான் தெரியும், எங்களுக்குத் தெரியாது.

முன்னால் இருந்த திரையில் பிளாட்பாரம் வந்தது. நான் நிற்கிறேன், முகிலன் பையைத் தோளில் மாட்டுகிறான். படத்தில் அவன் திரும்பிக்கொண்டு, "வண்டி கிளம்பப் போகுது. தண்ணி பாட்டில் எடுத்துட்டு வந்தியா?" என்று கேட்க வேண்டும். முகம் தெரியாத வரி, வாயசைவுத் தொந்தரவு இல்லை. அதற்கப்புறம் கொஞ்ச நேரம் வெறும் ரயில்வே இரைச்சல், பிறகு என் 'போகாதே'.

முகிலன் திரையைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தான்.

"மோனி, போதும்," என்றான். "நம்ம வீட்டுல எது நிஜம், எது ஒத்திகைன்னே தெரியலை. நான் சிரிச்சா எதுக்குச் சிரிக்கிறேன்னு எனக்கே சந்தேகமா இருக்கு. பெங்களூர்ல ஒரு இடம் பார்த்து வெச்சிருக்கேன். இந்தப் படம் முடிஞ்சதும் நான் போயிடுவேன்."

என் பெயரைச் சொன்னான். படத்தில் அவள் பெயர் வேறு. யோசிக்கவே தோன்றவில்லை, எந்த வார்த்தையும் எங்கேயும் நிற்கவில்லை.

"போகாதே," என்றேன். "என்னை விட்டுட்டுப் போகாதே."

வரி அதுதானே என்பது சொல்லி முடித்த பிறகுதான் உறைத்தது. திரையில் என் உதடும் அதே நேரத்தில் அசைந்து முடித்திருந்தது. குரல் கரகரவென்று எங்கேயோ போயிருந்தது, 'விட்டுட்டு' என்பதில் ஓசூர் அப்படியே இருந்தது. மூக்கு ஒழுகியது. எனக்கு வெட்கமாகவும் இல்லை.

"பச்சை!" என்று எபி ஸ்பீக்கர் அதிரக் கத்தினான். "அக்கா, பச்சை!"

முகிலன் ஒரு எட்டு வைத்து என் பக்கம் வந்து, கைக்குட்டையால் என் முகத்தைத் துடைத்தான். "ஏய், சும்மா. டேக்குக்காகத்தான் சொன்னேன்," என்றான்.

அவன் தோளில் ஓங்கி ஓர் அடி வைத்தேன். அப்புறம் சிரித்தேன், அழுதேன், மறுபடி சிரித்தேன். ஃபர்ஹானா கதவைத் திறந்துகொண்டு ஓடி வந்து என்னைக் கட்டிக்கொண்டாள். எனக்கு எவ்வளவு சந்தோஷம் என்று சொல்லத் தெரியவில்லை. தமிழில் பச்சை. என் தமிழும் நிஜம்தான் என்று அந்தப் பாழாய்ப்போன தோல்பட்டையே சொல்லிவிட்டது. வகுப்பில் சிரித்த அத்தனை பேரையும் வரிசையாக நிறுத்திக் காட்ட வேண்டும் போலிருந்தது.

"நான் பார்க்கணும்," என்று சொல்லிவிட்டு வெளியே ஓடினேன். முகிலன் உள்ளேயே நின்று தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தான்.

எபி என்னைப் பார்த்ததும் திரையை மாற்ற மௌஸை எடுத்தான். "அப்புறம் பார்க்கலாமே அக்கா. முதல்ல அடுத்த வரியை முடிச்சுடலாம்."

"ஒரு நிமிஷம் பார்க்க விடு எபி. எனக்கு இது பரிசு மாதிரி."

அவனால் என்ன செய்ய முடியும்? கையை எடுத்துக்கொண்டான்.

திரையில் எங்கள் இரண்டு பட்டைகளின் பதிவுகள் ஒன்றன்கீழ் ஒன்றாக ஓடிக்கொண்டிருந்தன. மேலே என்னுடையது. நடுவில் அழகாக, அகலமாக ஒரு பச்சைத் துண்டு. அதைத்தான் ஆசையாகப் பார்த்தேன். அப்புறம் கண் தானாகக் கீழே இறங்கியது. கீழே முகிலனுடையது. 'மோனி, போதும்' என்பதில் ஆரம்பித்து 'போயிடுவேன்' வரைக்கும் அதுவும் பச்சை. ஓர் இடத்தில்கூட நிறம் மாறவில்லை.

அவனுடைய மைக்கை யாரும் மூடியிருக்கவில்லை. பட்டை அதற்கப்புறமும் ஓடியிருந்தது. 'சும்மா. டேக்குக்காகத்தான் சொன்னேன்' என்ற இடத்தில் சின்னதாக ஒரு துண்டு. அது மஞ்சள்.

எபி தன் விரல் நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். "மெஷின் சில சமயம் தப்பாக் காட்டும் அக்கா," என்றான்.

"இன்னிக்கு என்கிட்ட எத்தனை தடவை மஞ்சள்னு சொன்னே. ஒரு தடவையாவது மெஷின் தப்புன்னு சொன்னியா?"

பின்னால் வந்து நின்ற ஃபர்ஹானாவும் பார்த்துவிட்டாள் போல. என் தோளில் கை வைத்தவள், எடுக்கவும் தெரியாமல் வைத்திருக்கவும் தெரியாமல் நின்றாள்.

"அந்தக் கடைசி வரியை நாளைக்குக் காலைல எடுத்துக்கலாம் மோனி," என்றாள் மெதுவாக. "சாயங்காலம் வரைக்கும் டைம் இருக்கு. நீ வீட்டுக்குப் போ."

வீட்டுக்கா? எனக்குச் சிரிப்பு வந்தது. கண்ணாடிக்கு அப்பால் முகிலன் தண்ணீர் பாட்டிலை மூடிவிட்டு, கழுத்துப் பட்டை உறுத்துகிறது என்று ஒரு விரலால் நகர்த்திக்கொண்டிருந்தான். இங்கே பேசுவது எதுவும் அவனுக்குக் கேட்காது. அவன் மேல் எனக்கு முதலில் வந்தது ஆத்திரம். என் டேக்குக்குள் ஒளிந்துகொண்டுதானா இதைச் சொல்ல வேண்டும்? ஆனால் வேறு எப்படிச் சொன்னாலும் நான் நம்பியிருக்க மாட்டேன். அன்றைக்குப் பாத்திரம் கழுவும்போது சொன்னான், மெதுவாகச் சொல்லச் சொன்னேன். இரண்டு பேருமாகச் சேர்ந்து அந்த வீட்டில் ஒரு நல்ல சொல்லையும் விட்டுவைக்கவில்லை. எல்லாவற்றையும் செலவு பண்ணிவிட்டோம்.

ஆத்திரம் வடிந்த இடத்தில் என்ன இருந்தது என்று தேடினேன். வலி இருந்தது, நிறையவே இருந்தது. அதற்கும் கீழே வேறு ஒன்று இருந்தது, அது இத்தனை மாதமாக நான் அறியாத ஒன்று. அமைதி என்று சொல்வதா? காலையிலிருந்து, இல்லை, இந்த வருஷம் முழுக்க நிற்காமல் நடந்துகொண்டிருந்த கால் இப்போது நின்றிருந்தது. ஒருவன் என்னிடம் ஒரு நிஜம் சொல்லிவிட்டான். கசப்பானதுதான். ஆனால் அதன்மேல் கால் வைத்து நிற்கலாம், புதையாது.

"இப்பவே எடுக்கலாம்," என்றேன்.

"மோனி..."

"இப்பவே ஃபர்ஹானா. எபி, கடைசி வரிக்கு லூப் போடு."

உள்ளே போய் என் மைக்கின் முன்னால் நின்றேன். முகிலன், "நல்லா வந்திருக்கா?" என்று கேட்டான்.

"வந்திருக்கு," என்றேன். "ரொம்ப நல்லா வந்திருக்கு."

அவன் என் முகத்தைக் கொஞ்சம் கூர்ந்து பார்த்தான். எதையோ கேட்கப் போனவன் திரை வெளிச்சமானதும் நிறுத்திக்கொண்டான். ரயில் நகர ஆரம்பித்தது. படத்தில் நான் கேமராவுக்கு முதுகு காட்டி நிற்கிறேன், அதனால் உதட்டைப் பார்க்க வேண்டிய அவசியம் எனக்கு இல்லை. அவனைப் பார்த்தேன். நன்றாகத்தான் இருந்தான், நான் கட்டிக்கொண்ட அதே ஆள், காதோரம் கொஞ்சம் நரைத்து. அவன்மேல் பிரியம்கூட வந்தது.

"போ," என்றேன். "எனக்கு ஒண்ணும் ஆகாது."

ரயில் போய் முடிந்தது. திரை இருண்டது. ஸ்பீக்கர் லேசாகக் கரகரத்தது.

"பச்சை அக்கா," என்றான், யாருக்கோ உடம்பு சரியில்லாத வீட்டில் பேசுகிற குரலில்.

முகிலன் அசையவில்லை. அந்த ஒரு வார்த்தைக்கு என்ன அர்த்தம் என்று எங்கள் தொழிலில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. அவன் முகம் மெல்ல மாறுவதைப் பார்த்தேன்.

"மோனி," என்றான். "டேக்குக்காகத்தானே சொன்னே?"

ஆமாம் என்று சொல்ல வாயைத் திறந்தேன். பட்டை இன்னும் என் கழுத்தில் இருந்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இரண்டு பேர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் வாயை மூடிக்கொண்டேன்.